கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் குமட்டலும்: முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்விகள் சில உண்டு. எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும், தையல் எப்போது பிரிப்பார்கள், மாடிப்படி ஏறலாமா, எவ்வளவு செலவாகும். ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாட்களைப் பாடாய்ப் படுத்துபவை வலியும் குமட்டலும்தான். அவற்றைப் பற்றி முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு. "ஆபரேஷன்னா வலிக்கத்தானே செய்யும், பொறுத்துக்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பொறுத்துக்கொள்வதால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. வலிக்குப் பயந்து அசையாமல் படுத்திருப்பவரால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. நடமாட்டம் இல்லாததால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. குடல் பழையபடி வேலை செய்யவும் தாமதமாகிறது. வலியைச் சரியாகக் கட்டுப்படுத்துவது சொகுசு இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி. இதை நோயாளியும் நம்பணும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரும் நம்பணும்.

கர்ப்பப்பையை மூன்று வழிகளில் எடுக்கிறார்கள். அடிவயிற்றைக் கீறி எடுப்பது, பிறப்புறுப்பு வழியாக எடுப்பது, சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி மூலம் எடுப்பது. கீறி எடுக்கும்போதுதான் காய வலி அதிகம். லேப்ராஸ்கோப்பியில் காய வலி குறைவு, ஆனால் குமட்டலும் தோள்பட்டை வலியும் வரலாம். இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி சினைப்பைக் கட்டி, நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) ஆகியவற்றுக்குச் செய்யும் ஆபரேஷன்களுக்கும் பொருந்தும். டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உட்புறத்தைச் சுரண்டி எடுப்பது), ஹிஸ்டெரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) போன்ற சின்னச் சிகிச்சைகளுக்குப் பிறகு பெரும்பாலும் மாதவிலக்கு நேரத்து வலி போல ஒன்றிரண்டு நாள் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்.

வலியும் குமட்டலும் ஒரே முடிச்சு

இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் சிகிச்சை சரியாக அமையாது. வலி அதிகமானாலே குமட்டும். அந்த வலிக்கு மார்ஃபின், ஃபென்டனில், ட்ரமடால் மாதிரி ஓபியாய்டு வகை (அபினைப் போல வேலை செய்யும் வலுவான) வலி மருந்து கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் குமட்டல் கூடும். வாந்தி எடுக்கும்போது வயிற்றுத் தசை இறுகித் தையலை இழுக்கும், வலி திரும்பவும் ஏறும். வாந்தியில் மாத்திரையும் வெளியே வந்துவிட்டால் அடுத்த வேளை வரைக்கும் வலிக்குத் தடுப்பே இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி, ஓபியாய்டு எவ்வளவு குறைவாகத் தேவைப்படுமோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான். அதற்காக வேறு வேறு விதத்தில் வேலை செய்யும் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் வலியுறுத்திய அணுகுமுறை இது. ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் சாப்பிட வைப்பது, சீக்கிரம் நடக்க வைப்பது, நீண்ட பட்டினியைத் தவிர்ப்பது எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. மகளிர் புற்றுநோய் அறுவை சிகிச்சைகளுக்கென்றே இந்த முறையில் சர்வதேச வழிகாட்டி 2016-ல் வந்தது, 2019-ல் புதுப்பிக்கப்பட்டது.

பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார். பி.பி., சுகர், ஆஸ்துமா, அலர்ஜி என்று வரிசையாகக் கேட்பார். அப்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ பஸ்ஸில் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவரா நீங்கள்? கார் முன்சீட்டில் உட்கார்ந்தால்தான் தாக்குப்பிடிப்பவரா? முன்பு சிசேரியனோ வேறு ஆபரேஷனோ நடந்தபோது வாந்தி எடுத்தீர்களா? சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்பதை இந்தப் பதில் மாற்றும்.

ஜெர்மனியைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் கிறிஸ்டியன் அப்ஃபெல் தன் குழுவோடு 1999-ல் ஒரு எளிய கணக்கை வெளியிட்டார். முழு மயக்கத்தில் ஆபரேஷன் செய்துகொள்பவருக்குக் குமட்டல், வாந்தி வரும் வாய்ப்பைக் கணிக்க நான்கே கேள்விகள். பெண்ணா? புகைபிடிக்காதவரா? பயணத்தில் வாந்தி வருபவரா, அல்லது முந்தைய ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி எடுத்தவரா? ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டு தேவைப்படுமா? ஒவ்வொரு 'ஆமாம்' பதிலுக்கும் ஒரு புள்ளி. புள்ளியே இல்லாவிட்டால் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். ஒன்றென்றால் 20, இரண்டென்றால் 40, மூன்றென்றால் 60, நான்குமென்றால் 80.

நம் ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போகிற பெண்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு புள்ளி விழுந்துவிடுகிறது. பஸ் வாந்தியும் உண்டென்றால் மூன்று. வாந்தி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இப்படிப்பட்டவரை விட்டுவிடுவது நியாயமே இல்லை. 2020-ல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. ஒன்றிரண்டு புள்ளி உள்ளவருக்கே இரண்டு வகைத் தடுப்பு தேவை, அதற்கு மேல் போனால் மூன்று நான்கு வகை.

அந்தத் தடுப்பு எப்படி இருக்கும்? மயக்கம் கொடுத்த கையோடு டெக்ஸாமெத்தசோன் ஊசி. ஆபரேஷன் முடியும் நேரத்தில் ஆன்டன்செட்ரான் ஊசி. வாந்தி வாய்ப்பு அதிகமென்றால், மூச்சில் இழுக்கும் மயக்க வாயுவைத் தவிர்த்து, நரம்பு வழியாகப் புரோபோஃபால் மருந்தை மட்டும் செலுத்தி மயக்கத்தில் வைத்திருப்பார்கள். டெக்ஸாமெத்தசோன் ஒருநாள் இரண்டுநாள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் ரீடிங் கூடுதலாக இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும். இதயத் துடிப்பில் ஏதாவது கோளாறு என்று எப்போதாவது ஈ.சி.ஜி.யில் சொல்லியிருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள், ஆன்டன்செட்ரான் விஷயத்தில் அது முக்கியம்.

பட்டினி பற்றியும் ஒரு வார்த்தை. திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்தினால் போதும், தண்ணீர் மாதிரித் தெளிவான பானத்தை 2 மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம் என்பது பொதுவான விதி. முந்தின ராத்திரியிலிருந்து மறுநாள் மதியம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் வறண்டு கிடந்தால் குமட்டல் கூடத்தான் செய்யும். உங்களுக்கு எது பொருந்தும் என்று மயக்க மருந்து டாக்டரிடம் மணி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், கடும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு விதி மாறலாம், அவர் சொல்வதே கணக்கு.

கீறி எடுக்கும் ஆபரேஷனையும் பிறப்புறுப்பு வழி ஆபரேஷனையும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தும் நடத்துவார்கள். அதில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் மேஜையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிசைகிற மாதிரி குமட்டும். உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், ஒரு மருந்தில் சரிசெய்துவிடுவார்கள். முதுகு ஊசியோடு கொஞ்சம் மார்ஃபினும் சேர்த்திருந்தால் ஒருநாள் வரை வலி நன்றாக அடங்கியிருக்கும், கூடவே உடம்பு அரிப்பும் குமட்டலும் வரலாம். அரிப்பைப் பார்த்து அலர்ஜி என்று பயப்படத் தேவையில்லை, நர்ஸிடம் சொன்னால் மருந்து கொடுப்பார்கள்.

எங்கெங்கே வலிக்கும்

வலி ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்காது. தையல் போட்ட இடத்தில் அசையும்போது சுரீரென்று வருவது ஒன்று. உள்ளே, அடிவயிற்றில், மாதவிலக்கு வலி மாதிரி கனத்து இழுப்பது இன்னொன்று. மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டதால் தொண்டை கரகரக்கும். யூரின் ட்யூப் இருக்கும்வரை சிறுநீர் முட்டுவது போலவே இருக்கும். மேஜையில் கால்களைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்ததால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இவையெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவை.

குடும்பத்தையே பதறவைப்பது லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு வருகிற தோள்பட்டை வலி. வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது, இதயத்தில் ஏதாவது ஆகிவிட்டதா என்று நடுராத்திரியில் ஓடுவார்கள். காரணம் இதுதான். கருவிகள் உள்ளே நகர இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி வயிற்றுச் சுவரை மேலே உயர்த்துகிறார்கள். முடிக்கும்போது வெளியேற்றிவிடுவார்கள், ஆனாலும் கொஞ்சம் தங்கிவிடும். எழுந்து உட்கார்ந்ததும் அது மேலே போய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே சேர்ந்து அதை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்துப் பகுதி முதுகுத்தண்டிலிருந்து கிளம்புகிறது. தோள்பட்டையின் உணர்வும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. அதனால் மூளை, உதரவிதானத்தின் உறுத்தலைத் தோளின் வலியாக எடுத்துக்கொள்கிறது. தோளில் ஒரு கோளாறும் இருக்காது.

இந்த வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகக் குறையும். கொஞ்ச நேரம் தலையணை இல்லாமல் சமமாகப் படுத்தால் வாயு உதரவிதானத்தை விட்டு நகர்வதால் ஆறுதல் தெரியும். தோளில் இதமான ஒத்தடம் கொடுக்கலாம். எழுந்து மெதுவாக நடக்கலாம். உள்ளே மிஞ்சிய வாயு ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். ஆனால் தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை சேர்ந்து வந்தால் அது வேறு கதை, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வார்டில் நர்ஸ் தினமும் "கேஸ் போச்சாம்மா?" என்று கேட்பது இந்த வாயுவைப் பற்றி இல்லை. குடல் இயங்கத் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். அதே மாதிரி, காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கிற 'கேஸ் மாத்திரை', அதாவது பான்டோப்ரசோல், வயிற்று அமிலத்தைக் குறைப்பதற்கானது. வயிறு உப்புசமாக இருக்கிறதே என்று அதை இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்வதால் உப்புசம் இறங்காது.

மாத்திரை: கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள்

வலி வந்த பிறகு மாத்திரை போடலாம் என்று காத்திருப்பதுதான் நான் பார்த்தவரை வீட்டில் அதிகம் நடக்கும் தவறு. மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் வலி உச்சத்துக்குப் போய்விடும், அப்புறம் அதை இறக்க இன்னும் வலுவான மருந்து தேவைப்படும். முதல் இரண்டு மூன்று நாள், வலிக்கிறதோ இல்லையோ, டாக்டர் எழுதிக்கொடுத்த நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. கீறி எடுத்த ஆபரேஷனென்றால் இது ஒரு வாரத்துக்கும் மேலே போகலாம். குறையக் குறைய இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

அடித்தளம் பாரசிட்டமால். காய்ச்சல் மாத்திரைதானே என்று அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். நேரம் தவறாமல் போட்டால் ஓபியாய்டின் தேவையைக் குறைக்கும், குமட்டலை உண்டாக்காது. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் உச்ச வரம்பு 4000 மி.கி. 50 கிலோவுக்குக் குறைந்த எடையென்றாலும், கல்லீரல் பிரச்சினை இருந்தாலும் வரம்பு அதைவிடக் குறைவு.

இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது அசெக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை காலை, ராத்திரி என்று எழுதியிருப்பார்கள். அதில் தலா 325 மி.கி. பாரசிட்டமால் இருக்கும். வலி தாங்கவில்லையென்றால் போட்டுக்கொள்ள ட்ரமடாலும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதிலும் 325. வீட்டில் உள்ளவர் அன்போடு, "இந்தா, டோலோ 650 ஒன்று போட்டுக்கோ" என்று நான்கு வேளையும் கொடுக்கிறார் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் டோலோ மட்டும் 2600, முதல் கலப்பு மாத்திரை இரண்டு வேளைக்கு 650, இரண்டாவது மூன்று வேளைக்கு 975. மொத்தம் 4225 மி.கி. யாரும் அறியாமலே வரம்பு தாண்டியாயிற்று. அதிக அளவு பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும், ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர்கள் இருக்கும். மெடிக்கல் ஷாப்பிலேயே நின்று, "இதில் எதிலெல்லாம் பாரசிட்டமால் இருக்கு?" என்று கேட்டு, பேனாவால் வட்டமிட்டு வாங்கிவாருங்கள்.

அடுத்தது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை. உடம்பில் வீக்கத்தையும் கர்ப்பப்பைப் பகுதி இழுப்பையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை இவை குறைக்கின்றன. அதனால் மகளிர் ஆபரேஷன்களுக்கு இவை நன்றாகவே கேட்கும். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இந்த மாத்திரைகளால் மூச்சுத்திணறல் வந்த ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. இந்த வகையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான், இரண்டைச் சேர்க்கக் கூடாது.

வாய்வழி எடுக்க முடியாத அளவு குமட்டினால் பாரசிட்டமாலை ட்ரிப்ஸிலும் டைக்ளோஃபெனாக்கை ஆசனவாயில் வைக்கும் மாத்திரையாகவும் கொடுக்கலாம். பலர் கூச்சத்தால் அந்த மாத்திரையை மறுத்துவிடுகிறார்கள். வாந்தியிலும் வீணாகாமல் வேலை செய்யும் நல்ல வழி அது.

ஓபியாய்டு மூன்றாவது. மற்ற இரண்டும் போதாதபோது, குறைந்த நாளுக்கு. ட்ரமடால் நம் ஊரில் அதிகம் கொடுக்கப்படுகிறது. தலைசுற்றலும் குமட்டலும் சிலருக்கு அதில் கடுமையாக வரும். வந்தால் தாங்கிக்கொள்ளாமல் சொல்லுங்கள், மாற்ற முடியும். வலிப்பு நோய் உள்ளவர்கள், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் ட்ரமடாலுக்கு முன்பே டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இவை தவிர, காயத்தைச் சுற்றியோ வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவிலோ மரத்துப்போகும் ஊசி போடும் முறையும் இருக்கிறது. முதல் சில மணி நேர வலியை அது நன்றாகக் குறைக்கும். உங்கள் ஆஸ்பத்திரியில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். என்ன எண் சொல்வது என்று தெரியாமல் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். எண் வராவிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "இருமினால் தாங்க முடியலை", "எழுந்து பாத்ரூம் போக முடியலை", "வலியால் தூங்கலை". எண்ணைவிட இது டாக்டருக்கு அதிகம் உதவும்.

குமட்டல் வந்தால்

மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் இடம் ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் உள்ள மயக்க மருந்து, குடலிலிருந்து வரும் செரட்டோனின் தூண்டல், உள்காதின் சமநிலை உணர்வு என்று பல வழிகளில் அதற்குச் சேதி போகிறது. ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு வழியைத்தான் அடைக்கும். ஆன்டன்செட்ரான் அடைப்பது செரட்டோனின் வழியை. அதைக் கொடுத்து 6 மணி நேரத்துக்குள் மறுபடி குமட்டினால் அதையே திரும்பக் கொடுப்பதில் பலன் குறைவு, வேறு வகை மருந்து கொடுக்க வேண்டும். "ஏற்கனவே ஊசி போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், "வேறு வகை மருந்து தர முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். மெட்டோகுளோபிரமைடு அப்படிப்பட்ட ஒன்று. இளம் பெண்களுக்கு அதில் அபூர்வமாகக் கழுத்து, தாடை கோணி இழுத்துக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே சரியாகிவிடும்.

உள்காதின் பங்கு முக்கியமானது. ஓபியாய்டு உடம்பில் இருக்கும்போது உள்காது கூர்மையாகிவிடுகிறது. ஸ்ட்ரெச்சரை வேகமாகத் திருப்புவது, சட்டென்று எழுந்து உட்காருவது, வீட்டுக்குப் போகும் வழியில் வேகத்தடைகள் எல்லாமே வாந்தியைக் கிளப்பும். மெதுவாக, கட்டம் கட்டமாக எழுந்திருங்கள். வீட்டுக்குக் கிளம்ப அரை மணி நேரம் முன்பு வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். காரில் முன்சீட்டைச் சாய்த்து உட்கார்ந்து, செல்போனைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்த்தபடி போகலாம். கையில் ஒரு கவரும், வயிற்றில் வைத்து அணைக்க ஒரு தலையணையும் இருக்கட்டும்.

மருந்தோடு சேர்த்துச் செய்யக்கூடியது மணிக்கட்டு அழுத்தம். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் சில நிமிடம் அழுத்த வேண்டும். பி6 என்று அழைக்கப்படும் இந்தப் புள்ளியைத் தூண்டுவது ஆபரேஷனுக்குப் பிந்தைய குமட்டலைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பக்கவிளைவும் பெரிதாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் மகளுக்கோ கணவருக்கோ இந்த வேலையைக் கொடுக்கலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, டாக்டர் அனுமதித்த பிறகு தாமதிக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு மூன்று வாய்த் தண்ணீர், அது வயிற்றில் தங்கினால் இளநீரோ கஞ்சித் தண்ணீரோ, அப்புறம் இட்லி, மிளகு குறைத்த ரசம் சாதம். தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்யக் கூடாது. லேசான இஞ்சி டீ சிலருக்கு இதமாக இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் பிரியாணி பொட்டலத்தைப் பிரிக்கும் வாசனைகூட வாந்தியைத் தூண்டும் நேரம் அது. சொல்லத் தயங்காமல் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் குடித்தால் தையல் ஆறாது, பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று இன்னும் பல வீடுகளில் பத்தியம் வைக்கிறார்கள். இரண்டுக்குமே ஆதாரமில்லை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் தலைசுற்றலும்தான் மிச்சம். புண் ஆறுவதற்குப் புரதம் தேவை, அது பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறது.

எழுந்து நடப்பதும் மலச்சிக்கலும்

நேராக மல்லாந்து எழுந்தால் வயிற்றுத் தசை முழுதும் இழுபடும். முதலில் முழங்காலை மடக்கி, உடம்பை மொத்தமாக ஒரு பக்கம் திருப்பிப் படுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருந்து, தலை சுற்றவில்லையென்றால் நில்லுங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து நடந்தால் சுலபம். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் தலையணையைத் தையல்மேல் வைத்து இரு கையாலும் அழுத்திக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கலால் வருகிற வலியைத் தையல் வலி என்று நினைத்து இன்னும் ட்ரமடால் போட்டு, அதனால் மலச்சிக்கல் இன்னும் கூடுவது அடிக்கடி நடக்கிறது. ஆன்டன்செட்ரானும் மலத்தை இறுக்கும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், பழம், நடை. மலமிளக்கி மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல் வரும்வரை காத்திருக்காமல் ஆரம்பித்துவிடுங்கள். கழிவறையில் முக்கக் கூடாது. சூயிங் கம் மெல்லுவதுகூடக் குடலைச் சீக்கிரம் வேலை செய்யத் தூண்டும் என்று தெரியவந்திருக்கிறது, டாக்டர் சரி என்றால் செய்து பார்க்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

எளிய அளவுகோல் ஒன்று: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ திரும்ப ஏறினால், குறிப்பாக லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு, மாத்திரையைக் கூட்டிச் சமாளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், வயிறு உப்பி, கேஸும் போகாமல் வாந்தி நிற்காமல் இருப்பது, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனையும் ரத்தப்போக்கு, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், காயத்தில் சீழ், சிறுநீர் வராமல் முட்டுவது, பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருப்பது, இடுப்பின் ஒரு பக்கம் கடும் வலி, இவையெல்லாம் அன்றே காட்ட வேண்டியவை. ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேராக 108. அவசரமா இல்லையா என்று தெரியாத சந்தேகத்துக்கு, தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

லேசான ரத்தக்கசிவும் களைப்பும் ஆறு வாரம் வரை இருப்பது சகஜம். வலி மட்டும் மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் அது வேறு வகை. தையல் ஓரத்தில் எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர், துணி பட்டாலே கூச்சம் என்றிருந்தால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே எண்டோமெட்ரியோசிஸால் நீண்ட நாள் வலியில் இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம், அவர்கள் முதல் நாளே அதை டாக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது. நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அதற்குத் தனி மருந்துகளும், இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபியும், மரத்துப்போகும் ஊசியும் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளிலும் மயக்கவியல் பிரிவில் இதைப் பற்றி விசாரிக்கலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், எந்த மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள், எது கேட்டது, எது குமட்டலைக் கொடுத்தது என்ற குறிப்பையும் கையில் எடுத்துப் போங்கள்.